டிராலி பஸ்ஸில் போன வேதப் புத்தகம்

சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்கள் வாய் ஓயாமல் அந்த ஊரைப் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். ரஸ்தா கண்ணாடி மாதிரி இருக்குமாம், ராத்திரி பகலாக இருக்குமாம், ஜனங்கள் கடிகாரம் போல நடப்பார்களாம். ஐம்பதுகளின் கடைசியில் ஒன்பது நாள் நானும் அங்கே இருந்தேன். சிராங்கூன் ரோட்டில் மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வெயில் ஆளை அவித்தது. மழை சொல்லிக்கொள்ளாமல் வந்து சொல்லிக்கொள்ளாமல் போயிற்று. இதையெல்லாம் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை, பாளையங்கோட்டையில் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் முனையில் நின்றாலே போதும்.

நான் போனது வேடிக்கை பார்க்க அல்ல. அங்கே ஜாலான் புசார் பக்கத்தில் கூடும் ஒரு தமிழ்ச் சபையார், "தனி ஜெபமும் வேத தியானமும்" என்ற தலைப்பில் ஐந்து மாலை பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். எங்கள் ஜில்லாவில் அந்தத் தலைப்புக்கு நான்தான் ஆள். மனுஷன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வேதத்தைத் திறந்து, ஒருவரும் பார்க்காத இடத்தில் கடவுளோடு இருப்பது எப்படி என்று பதினாறு வருஷமாகப் பேசிவருகிறேன். அந்தப் பதினாறு வருஷத்தில் என் அறைக் கதவை நான் சாத்தியது மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும்தான். இது என் மனைவிக்குத் தெரியும். நல்லவேளை, அவளை யாரும் பேச அழைப்பதில்லை.

என்னைத் தங்கவைத்தவர் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், சர்க்கார் ஆபீஸில் பெரிய கிளார்க். குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில் நாலாவது மாடியில் குடியிருந்தார். மனிதர்களைத் தீப்பெட்டி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டு, அதற்கு நாகரிகம் என்று பெயர் சொல்லுகிறார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் மூங்கில் கழியை வெளியே நீட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது யாருடைய உள்பாவாடையோ என் தலைக்கு நேரே சொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கோ ஐயா, இருங்கோ. களைச்சுப் போனியள்" என்று வரவேற்றார் பொன்னுத்துரை. அவர் மனைவி கிரேஸ் இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலுக்கு மஞ்சள் காமாலை வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். நான்கு கரண்டி ஊற்றிக்கொண்டேன். விருந்தாளி முகம் சுளிக்கக் கூடாது.

வீட்டில் வேதப் புத்தகம் உண்டா என்று கேட்டேன். பொன்னுத்துரை பெருமையாகக் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே, கண்ணாடிக் காகித உறை கிழிக்காமல், பொன் விளிம்போடு ஒரு புத்தகம் நின்றிருந்தது. கலியாணத்துக்கு வந்த பரிசாம். கலியாணமாகிப் பதினெட்டு வருஷம்.

கிரேஸ் அம்மாளின் பக்தி வேறு வகை. அவரிடம் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குள் வசனம் அச்சடித்த துண்டு அட்டைகள். காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். நல்ல வாக்காக வந்தால் அன்றைக்கு அதுதான் தேவசித்தம். கண்டிக்கிற வசனம் ஏதாவது வந்தால் சட்டென்று திரும்பச் செருகிவிட்டு வேறொன்று எடுப்பார். சிராங்கூன் ரோட்டில் கிளி ஜோசியக்காரனுடைய கிளிகூட முதல் சீட்டைத்தான் கொடுக்கிறது.

இவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போயிற்று. என் வேதப் புத்தகம் அப்படியா? அட்டை தேய்ந்து, முனை மடங்கி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டிருக்கும். ஓரங்களில் இண்டு இடுக்கில்லாமல் என் கையெழுத்து. மேடையில் அதைத் தூக்கிப் பிடித்தாலே ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். "பாத்தியா, எப்படிப் படிச்சிருக்காரு!"

ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நான் சொல்லுகிறேன். "நிறுத்து. பத்து எண்ணு." "குரலை இறக்கு." "கைக்குட்டை." "முன்வரிசைப் பெண்களைப் பார்." "தம்பி கதை." சில இடங்களில், "இங்கே ஒரு பெயர் சொல். காத்திரு." அத்தனையும் மேடைக்கான குறிப்புகள். தியானம் என்று ஒரு வரி கிடையாது.

பெயர் விஷயம் என் கண்டுபிடிப்பு. எந்த ஊருக்குப் போனாலும் சமீபத்தில் காலமானவர் யார் என்று முதலில் விசாரித்துவைத்துக்கொள்வேன். பேச்சின் நடுவே, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிவிட்டு நிற்பேன். ஐந்து வினாடியில் எங்கேயாவது ஒரு விசும்பல் கேட்கும். மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள். பொன்னுத்துரையிடமும் கேட்டேன்.

"போன மாசம் ஆபிரகாம் மாஸ்டர் தவறிப்போனவர். நல்ல மனுசன். மனுசி தனிய இருக்கிறா" என்றார் அவர். வந்த உடனே துக்கம் விசாரிக்கிறாரே என்று என்னைப் பார்த்து அவர் கண் கலங்கியது.

தம்பி கதையையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஒரு காலத்தில் குடித்தான். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் கோயில் வாசலில் விழுந்து கிடந்தான். ஆராதனைக்கு வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். நான் சொல்லும்போது அவன் மழையில் நனைந்து கிடப்பான். உண்மையில் அன்று மழை இல்லை, மழையை நான் நாலாவது வருஷம் சேர்த்தேன். அவன் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால் கைக்குட்டைகள் சட்டைப்பைக்குள் திரும்பிவிடும் என்பதால் சொல்வதில்லை. ஒருமுறை பக்கத்து ஊரில் நான் பேசும்போது அவனே வந்து கடைசியில் நின்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவான். நானும் கூப்பிட்டதில்லை. ஊழியத்துக்காக ஒரு நஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் கூட்டம் பிரமாதம். மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சாமான் கடைகள். ஒருவன் தகரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அதையும் மீறி என் குரல் எட்டியது. ஆபிரகாம் மாஸ்டர் பெயரைச் சொல்லி நிறுத்தினேன். அவர் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பி கதைக்கு ஆண்களே மூக்கைச் சிந்தினார்கள். சிங்கப்பூர்க்காரர்களும் நம்மூர்க்காரர்கள்தான், கொஞ்சம் சட்டை மடிப்புக் கூட என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பகலில் ஊர் பார்க்கத் தனியாகப் புறப்பட்டேன். வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அது இருந்தால்தான் எனக்கு நடையே வரும்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. இலை போட்டுச் சோறு வைத்தார்கள். சாம்பாரில் கருவாட்டு வாசனை அடித்தது. கேட்டால் பக்கத்துச் சட்டி வாசனை என்றான் பரிமாறியவன். பிறகு காப்பி கேட்டேன். பால் டின்னைக் காலி செய்து, அதற்குக் கயிறு கட்டி, அதில் கறுப்பாக எதையோ ஊற்றிக் கொடுத்தான். நான் கட்டிக்கொண்டு போகிறேன் என்று அவனாக முடிவு செய்துவிட்டான். ஒரு பிரசங்கியார் ஒரு கையில் வேதமும் மறு கையில் கயிறு கட்டிய தகரக் குவளையுமாக ரோட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பும்போது டிராலி பஸ் ஏறினேன். மேலே மின்சாரக் கம்பி, அதைத் தொட்டுக்கொண்டு இரண்டு நீளக் கோல்கள், ரயிலுமில்லை பஸ்ஸுமில்லை. கொஞ்ச தூரம் போனதும் கோல் கம்பியிலிருந்து கழன்றது. வண்டி செத்த மாடாக நின்றது. சீனக் கண்டக்டர் இறங்கி, ஒரு மூங்கில் கழியை எடுத்து, அண்ணாந்து பார்த்துக் கோலைக் கம்பியில் மாட்டப் பார்த்தார். மாட்டுகிறார், நழுவுகிறது. மாட்டுகிறார், நழுவுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய், இடது பக்கம் சாய்த்துப் பிடிக்கும்படி தமிழில் யோசனை சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னார். ஜன்னலோரம் இருந்த தமிழர் சிரித்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"வேணும்னா பெரியவரே மேல ஏறிப் பிடிச்சுக் குடுக்கட்டும்ங்கறான் லா" என்று அந்த ஊர் வழக்கப்படி வாலில் ஒரு "லா"வை ஒட்டினார்.

இதற்குத் தகுந்த பதிலை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கோல் மாட்டிக்கொண்டது. கண்டக்டர் தாவி ஏறினார், மணி அடித்தது, வண்டி கம்பி நீட்டிவிட்டது. நான் ரோட்டில் நின்றேன். கையில் பால் டின் இருந்தது. வேதம் பஸ் சீட்டில் இருந்தது.

இரண்டு பயம் பிடித்துக்கொண்டது. முதலாவது, மூன்று மணி நேரத்தில் நான் பேசியாக வேண்டும். அந்தக் குறிப்புகள் இல்லாமல் எனக்கு வேதத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரண்டாவது, இதைவிடப் பெரியது. என் பெயரும் ஊரும் முதல் பக்கத்தில் முத்து முத்தாக எழுதியிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த எவன் கையிலாவது கிடைத்து, "முன்வரிசைப் பெண்களைப் பார்" என்பதை அவன் வாசித்தால் என் பிழைப்பு அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து செய்தி நம்மூருக்கு வரக் கப்பல்கூட வேண்டாம்.

அன்று மாலை பொன்னுத்துரையின் அலமாரிப் புத்தகத்தின் உறையைக் கிழித்து எடுத்துக்கொண்டு மேடையேறினேன். புதுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியமாட்டேன் என்றன. நான் தேடிய அதிகாரம் எங்கே இருக்கிறதென்று திருதிருவென்று விழித்தேன். முன்வரிசையில் ஒரு கிழவர் பக்க எண்ணை எடுத்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு தம்பி கதையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாளும் அதையே சொன்னேன். நாலாம் நாள் மழையைப் புயலாக்கினேன். அதையே முந்தின நாளும் கேட்ட ஒருவர் கொட்டாவி விட்டார்.

நடுவில் பொன்னுத்துரை என்னைப் பஸ் ஆபீஸுக்கு அழைத்துப் போனார். தொலைந்த சாமான் அறையில் குடைகள் மலை மாதிரி கிடந்தன. ஒரு ஒற்றைச் செருப்பு, ஒரு பறவைக் கூண்டு. மலாய்க் கிளார்க் சொன்னதைப் பொன்னுத்துரை எனக்குத் தமிழாக்கினார்: "குடையை விடுவினம், பிள்ளையைக்கூட விடுவினம். உவ்வளவு தடிப் புத்தகத்தை ஒருத்தரும் விட்டிட்டுப் போகமாட்டினமாம்." ஏளனத்தை மலாயில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் ஒரே மாதிரிதான் குத்துகிறது.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள் காலை, கிரேஸ் அம்மாள் சமையலறையில் இருந்தபோது, அவருடைய அட்டைப் பெட்டியைத் திறந்து கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். கண்டனமாக வந்தது. செருகிவிட்டு வேறொன்று எடுத்தேன். அதுவும் சரியில்லை. மூன்றாவதை எடுக்கும்போது அவர் தேத்தண்ணீரோடு வந்து நின்றார். கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் கூட்டம் முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். பெரியாஸ்பத்திரியில் தரை கழுவும் வேலையாம். நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் துணி மூட்டை. பெயர் செல்லம்மா என்றாள்.

"ஐயா, இந்தப் புக்கு உங்களுதுங்களா? பஸ்ல சீட்டு மேல கெடந்துச்சு. மொத பக்கத்துல பேரு பாத்தேன். இன்னிக்கு வர்ற வழியில செவுத்துல அதே பேர்ல நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு."

மூட்டையைப் பிரித்தேன். என் புத்தகந்தான். அட்டையில் ஒரு பொட்டுக் குங்குமம். நடுவில் வாடிய மல்லிகை. எனக்கு வந்ததே கோபம். வேதத்துக்குக் குங்குமமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறு பயம் வந்து வாயை அடைத்தது.

"படிச்சியா?" என்று கேட்டேன்.

"எழுத்துக்கூட்டிப் படிப்பேங்க. சங்கத்துல ராத்திரி வகுப்பு நடத்துனாங்க, அதுல கத்துக்கிட்டது. அச்சுல இருக்கறது பாதிதான் வெளங்குச்சு. ஓரத்துல நீங்க கையால எழுதுனது எல்லாம் நல்லா வெளங்குச்சுங்க."

முடிந்தது என்று நினைத்தேன். பொன்னுத்துரை பக்கத்தில்தான் நின்றார்.

"எங்க வீட்ல பூசை புக்கு ஒண்ணு இருக்குங்க" என்று அவள் தொடர்ந்தாள். "அதுலயும் இப்படித்தான் போட்டிருக்கும். இங்கே பூப் போடவும், இங்கே சூடம் காட்டவும்னு. சரி, இந்தச் சாமிக்கு இதான் மொறை போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதும்படியே செஞ்சேன்."

"எதும்படி?"

"கொரலை எறக்குன்னு போட்டிருந்துச்சு. நான் கத்திப் பேசறவ ஐயா. லைன் வீடு பூரா என் தொண்டை தெரியும். எறக்கிப் படிச்சா வேற யாரோ படிக்கிற மாதிரி இருந்துச்சு. நிறுத்து, பத்து எண்ணுன்னு போட்டிருந்துச்சு. எண்ணுனேன். எண்ணி முடிக்கறதுக்குள்ள, படிச்சது எனக்குத்தான் சொன்னாப்பல ஆயிடுச்சு. கைக்குட்டை எங்கிட்ட இல்ல. முந்தானையை வச்சுக்கிட்டேன்."

அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். மருந்துக்குக்கூட இல்லை.

"அப்புறம் ஒரு எடத்துல, இங்கே ஒரு பெயர் சொல், காத்திருன்னு இருந்துச்சு. யார் பேருன்னு நீங்க போடல. வாயத் தொறந்தா எங்க அக்கா பேருதான் வருது. புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு கம்பத்துல, நம்மூர்க் குப்பம் மாதிரி எடம், அங்க இருக்கா. அம்மா செத்தப்போ நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், ஒம்போது வருசமா பேச்சில்ல. பேரைச் சொல்லிட்டுக் காத்திருந்தேன். ஒண்ணும் நடக்கல. நேத்தும் சொன்னேன். இன்னிக்குக் காலையில வேலைக்கு லீவு சொல்லிட்டுப் போயிட்டேன் லா. கதவைத் தொறந்தா. என்னைப் பாத்தா. 'சோறு இருக்கு, மீன் இல்ல'ன்னா. அவ்வளவுதாங்க."

அவள் சிரித்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல் கேட்டாள்.

"ஏழெட்டு எடத்துல தம்பி கதைன்னு எழுதியிருக்கீங்க. எனக்குத் தம்பி இல்ல, அதனால அக்கா கதைன்னு வச்சுக்கிட்டேன். இத்தனை எடத்துல நெனச்சிருக்கீங்களே. உங்க தம்பி நல்லா இருக்காங்களா ஐயா?"

எனக்கு நாலு வியாக்கியானத்தைப் புரட்டிய தலைக்கனம் உண்டு. எந்தக் கேள்விக்கும் ஒரு மேற்கோளைத் தூக்கிப் போட்டு ஆளை உட்காரவைத்துவிடுவேன். அன்று அந்த வாசற்படியில் "இருக்கான்" என்றேன், அதுவும் முனகல். அவள் நாளைக்கு அக்காவையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"பாருங்கோ ஐயா, உங்கட தியானக் குறிப்பு ஒரு புறமத மனுசியையும் தொட்டுப்போட்டுது" என்று பொன்னுத்துரை மெய்சிலிர்த்தார். அவர் நல்லவர். நல்லவர்களிடம் அகப்பட்டுக்கொள்வதைப்போலத் தொல்லை வேறில்லை.

ஐந்தாம் நாள் விடிந்ததும் என் அறைக் கதவைச் சாத்தினேன். எத்தனையோ ஆயிரம் பேரிடம் கதவைச் சாத்தச் சொன்னவன். ஒரு தரை கழுவுகிறவளால் முடிந்தது என்னால் முடியாதா என்ற வீம்புதான், பக்தி என்று தயவுசெய்து எண்ணிக்கொள்ள வேண்டாம். குரலை இறக்கிப் படித்தேன். இறக்கின குரலும் கடைசி வரிசைக்கு எட்டும் குரலாகவே வந்தது, அப்படிப் பழக்கியிருக்கிறேன். நிறுத்திப் பத்து எண்ணினேன். மூன்றிலேயே, இந்தச் செல்லம்மா கதையை அடுத்த ஊரில் எந்த இடத்தில் சொன்னால் எடுபடும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பெயர் சொல்லும் இடம் வந்ததும் வாய் பழக்கத்தில் "ஆபிரகாம் மாஸ்டர்" என்றது. அந்த மனிதரை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

வெட்கமாக இருந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் படித்த வரி தன்னைப் பார்த்துச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. நான் பதினாறு வருஷமாக ஒரு வரியையும் என்பக்கம் திரும்ப விட்டதில்லை, எல்லாவற்றையும் முன்வரிசைப் பக்கமே திருப்பிப் பிடித்திருக்கிறேன். கிரேஸ் அம்மாளாவது தனக்கென்று ஒரு அட்டை எடுத்தார்.

கடைசிக் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. என் பழைய புத்தகம் கிடைத்த சேதியைப் பொன்னுத்துரை ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளே கொஞ்சம் மூத்துப்போன மாதிரி இன்னொருத்தி. இருவர் நெற்றியிலும் திருநீறு. ஆபிரகாம் மாஸ்டரின் மனைவி இரண்டு ஆள் தள்ளி இருந்தார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். குறிப்புகள் கையில் இருந்தன, வார்த்தைகள் தாமாக ஓடின. பிறகு அந்தப் பக்கம் வந்தது. "இங்கே ஒரு பெயர் சொல். காத்திரு." வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் விரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். செல்லம்மா உதட்டை அசைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்தது என்ன என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"தங்கராஜ்" என்றேன்.

கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. எந்தத் தங்கராஜ் செத்துப்போனார் என்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வருஷத்தில் "என் தம்பி" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பெயரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

"தங்கராஜ் என் தம்பி. குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. அன்றைக்கு மழையும் பெய்யவில்லை. அவனைத் தாண்டிக் கோயிலுக்குள் போனவர்களில் நானும் ஒருவன்."

கைக்குட்டை சட்டைப்பையிலேயே இருந்தது. பக்கத்துக் கடையில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. ஆபிரகாம் மாஸ்டரின் மனைவியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் அழவில்லை. ஒரு கிழவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இண்டைக்குப் பிரசங்கம் கொஞ்சம் கட்டையாப் போச்சுது" என்றார் பொன்னுத்துரை, மனம் நோகாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "பயணக் களைப்பாக்கும்."

செல்லம்மா அக்காவை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நாலு நாளும் எப்படிப் பேசினேன் என்று அவளுக்குத் தெரியாது, யாரோ பெண்கள் சொல்லியிருக்க வேண்டும்.

"மத்த நாள்லாம் ரொம்ப நேரம் பேசினீங்களாமே ஐயா. இன்னிக்குத்தான் புக்குல எழுதியிருக்கிற மாதிரியே செஞ்சீங்கன்னு அக்காகிட்ட சொன்னேன்."

அதன்பிறகு சிங்கப்பூரில் பார்த்ததையெல்லாம் எழுத மனமில்லை. டுரியான் பழம் ஒன்று கொடுத்தார்கள். சாக்கடைக்குள் சர்க்கரையைக் கொட்டிய மாதிரி இருந்தது. இரண்டு சுளை தின்றேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை தம்பி வீட்டுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. சிங்கப்பூரைவிட அங்கே போய்ச்சேருவதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. கதவு சாத்தியிருந்தது. கையில் புத்தகம் இல்லை, வேண்டுமென்றே விட்டுவந்திருந்தேன். குரலை எந்த அளவுக்கு வைப்பது என்று தெரியாமல், "தங்கராஜ்" என்று கூப்பிட்டுவிட்டு நின்றேன்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகியது. பாதிச் சவரம் செய்த முகத்தோடு அவன் நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். உதட்டோரம் கோணிற்று.

"என்னண்ணே, சிங்கப்பூர்ல கதை தீந்து போச்சோ? புதுசா ஒண்ணு வேணுமாக்கும்?"

அவன் கையிலிருந்த சவரக் கத்தியோடு உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை.